பயிர்நிலத்து வட்டப்புழுக்களை இனங்காணல்

(விவசாயம், உயிரியல் ஆகிய பாடங்களைக் கற்கும் மாணவர்களுக்கான விளக்கக் கட்டுரை)

அறிமுகம்

வலிகாமத்துச் செம்மண் தோட்டம் ஒன்றிலே கத்தரி நட்டு ஆறு வாரம் ஆகிறது என வைத்துக்கொள்வோம். தோட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் கன்றுகள் வளராமல் நிற்கின்றன. இலைகள் மஞ்சளாகின்றன. காலையில் நீர் இறைத்தாலும் மத்தியானம் வாடிவிடுகின்றன. பசளை போதவில்லை என எண்ணித் தோட்டக்காரர் யூரியா இடுகிறார். பச்சை திரும்பவில்லை. பூச்சியாக இருக்கலாம் என எண்ணி இலைக்கு மருந்து தெளிக்கிறார். அதிலும் பயனில்லை. கடைசியில் யாரோ சொன்ன நாசினி ஒன்றை மண்ணில் ஊற்றுகிறார். மூன்று முறை காசு போயிற்று. கன்று தேறவில்லை. ஊற்றிய நாசினியில் ஒரு பங்கு கிணற்று நீரையும் சென்றடையக்கூடும்.

முதல் நாளே ஒரு கன்றைக் கிளப்பி வேரைக் கழுவிப் பார்த்திருந்தால் காரணம் அங்கேயே தெரிந்திருக்கும். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்திருக்கும். அவை வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை.

மாணவர்களே! இப்பகுதியில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வட்டப்புழுத் தாக்கத்தை இலையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வேரையும் மண்ணையும் பார்த்தே இனங்காண வேண்டும். மற்றது, மண்ணில் வட்டப்புழு இருப்பது மட்டும் குற்றமல்ல. எந்த வட்டப்புழு என்பதே கேள்வி. இவ்விரண்டையும் படிப்படியாக நோக்குவோம்.

1. வட்டப்புழு என்பது யாது?

நெமற்றோடா என்னும் கணத்தைச் சேர்ந்த விலங்குகளே வட்டப்புழுக்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை நூற்புழுக்கள் எனப்படும். இரண்டும் ஒன்றே. மண்புழுவுடன் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மண்புழு அனலிடா கணத்தைச் சேர்ந்தது. உடல் துண்டங்களாகப் பிரிந்தது. வட்டப்புழுவின் உடல் துண்டங்களற்றது, நூல் போன்றது, இரு முனையும் ஒடுங்கியது, குறுக்குவெட்டில் வட்டமானது. உடலின் வெளியே உறுதியான புறத்தோல் உண்டு. வளரும்போது இப்புறத்தோலை நான்கு முறை கழற்றும்.

மண்ணில் வாழும் வட்டப்புழுக்களிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையவை. உடல் ஒளி ஊடுபுகவிடுவது. ஆகவே வெறுங்கண்ணுக்குத் தெரியா. மண்துணிக்கைகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய நீர்ப்படலத்திலே இவை நெளிந்து செல்லும்.

இதுவரை 25,000 இற்கு மேற்பட்ட வட்டப்புழு இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 4,000 இனங்களே தாவர ஒட்டுண்ணிகள். ஏனையவை பற்றீரியாவை, பங்கசை அல்லது பிற நுண்விலங்குகளை உண்பவை, கடலில் வாழ்பவை, விலங்குகளில் ஒட்டுண்ணியாக வாழ்பவை. பற்றீரியா உண்ணும் வட்டப்புழுக்கள் மண்ணின் நைதரசனைத் தாவரங்கள் உறிஞ்சத்தக்க வடிவுக்கு விடுவிக்க உதவுகின்றன. கேனோராப்டிற்றிசு எலெகன்சு என்னும் இனமும் பற்றீரியா உண்பதே. பல்கல விலங்குகளுள் முதன்முதலில் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது இதற்கே (1998). இதனை ஆராய்ந்த மூவருக்கு 2002 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கவனிக்க: “வட்டப்புழுக்கள் யாவும் பீடைகளாகும்” என்னும் கூற்று பிழையானது. பல்தேர்வு வினாக்களில் மாணவர் ஏமாறும் கூற்று இது.

2. யாழ்ப்பாணத் தோட்டமண்ணும் வட்டப்புழுவும்

வேர்முடிச்சு வட்டப்புழு உலகின் வெப்பப் பிரதேசங்கள் எங்கும் காணப்படுவது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு வாய்ப்பான நிலைமைகள் பல ஒருங்கே அமைந்துள்ளன.

(அ) மண்: வலிகாமத்துச் செம்மண் நன்கு நீர்வடியும் இலற்றசோல் வகையைச் சேர்ந்தது. காற்றோட்டம் மிக்க இவ்வகை மண்ணில் வட்டப்புழு இலகுவாக நகரும். நீர் தேங்கி நிற்கும் களிமண்ணில் அதற்கு இவ்வளவு வசதி இல்லை.

(ஆ) வெப்பம்: ஆண்டு முழுவதும் மண் வெப்பமாகவே இருப்பதால், குளிர்நாடுகளில் உள்ளது போலக் குளிர்கால ஓய்வு அதற்கு இல்லை. தலைமுறை பின் தலைமுறையாகப் பெருகும்.

(இ) இடைவிடாத செய்கை: கிணற்று நீர் கொண்டு ஆண்டு முழுவதும் பயிர் செய்யப்படுகிறது. மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை ஆகிய நான்கும் சொலனேசியே குடும்பத்தவை. ஒன்றை அடுத்து மற்றொன்றை நட்டால் பயிர் மாறியது போலத் தோன்றும். ஆனால் வட்டப்புழுவுக்கோ சாப்பாடு மாறவில்லை.

(ஈ) பரவும் வழிகள்: வட்டப்புழு தானாக நகரும் தூரம் ஓர் ஆண்டில் ஒரு மீற்றர் அளவே. அதைத் தூரம் கொண்டு செல்பவர் நாமே. நோயுற்ற நாற்று, மண்வெட்டியில் ஒட்டிய மண், உழவு இயந்திரச் சக்கரம், வாய்க்காலில் ஓடும் நீர் என்பனவே அதன் வாகனங்கள்.

3. நிலத்துக்கு மேலே தெரியும் அறிகுறிகள்

- பயிர் குன்றிய வளர்ச்சி
- இலை மஞ்சளாதல்
- நீர் இருந்தும் பகல் வெயிலில் வாடுதல், மாலையில் ஓரளவு நிமிர்தல்
- காய்கள் சிறுத்து, விளைச்சல் குறைதல்
- பாதிப்பு தோட்டம் முழுவதும் சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகத் தோன்றுதல்

இவற்றுள் முதல் நான்கும் நைதரசன் குறைபாடு, நீர்க் குறைபாடு, பங்கசு வாடல், பற்றீரியா வாடல் ஆகியவற்றிலும் தோன்றக்கூடியவை. காரணம் எளிது. வேர் பழுதானால் நீரும் கனியுப்பும் மேலே செல்லா. எனவே இலை காட்டுவது பசியையும் தாகத்தையுமே. திட்டுத் திட்டான பரம்பல் நல்ல துப்பு. ஆனால் அதுவும் முடிவான சான்று அல்ல. மேலறிகுறிகள் சந்தேகத்தைத் தரும்; உறுதியைத் தருவது வேரே.

4. வேரைப் பார்த்து இனங்காணல்

கன்றை இழுத்துப் பிடுங்கக் கூடாது. இழுத்தால் முடிச்சுள்ள நுண்வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் சுற்றிவரக் கிளப்பி, வாளி நீரில் அமிழ்த்தி, மண்ணை மெதுவாகக் கழுவி நீக்க வேண்டும். பின்னர் வேரை வெள்ளைத் தட்டில் பரப்பிக் கைவில்லையால் நோக்க வேண்டும்.

காணக்கூடியவையும் அவை சுட்டும் வட்டப்புழுக்களும் வருமாறு:

(அ) மணிகள் போன்ற வீக்கங்கள் - வேர்முடிச்சு வட்டப்புழு (மெலோயிடோகைனி). முடிச்சை ஊசியால் மெதுவாகப் பிரித்தால் வெண்ணிறமான பேரிக்காய் வடிவப் பெண்புழு, குண்டூசித் தலையிலும் சிறிய முத்துப் போலத் தெரியும். முடிச்சின் வெளிப்புறத்தில் மஞ்சள் அல்லது கபில நிறத்தில் பசைபோன்ற முட்டைத்திரள் காணப்படலாம்.

(ஆ) கபில, கருநிறக் காயங்கள். வீக்கம் இல்லை - வேர்க்காய வட்டப்புழு (பிரற்றிலெங்கசு). மலைநாட்டுத் தேயிலையைத் தாக்கும் பிரற்றிலெங்கசு லூசி இவ்வகையைச் சேர்ந்தது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திற் பணியாற்றிய லூசு என்பவரின் பெயரால் 1960 இல் இதற்குப் பெயரிடப்பட்டது.

(இ) வாழை வேரிலும் கிழங்கிலும் செங்கபிலக் காயங்கள், வேர் அழுகல், குலையுடன் மரம் சாய்தல் - வாழையின் துளைக்கும் வட்டப்புழு (றடோபோலசு சிமிலிசு). வாழை காற்றில் விழுந்ததா, வேர் அழுகி விழுந்ததா என்பதை விழுந்த மரத்தின் வேரை நெடுக்காகப் பிளந்து பார்த்து அறியலாம்.

(ஈ) வேரில் ஒட்டிய குண்டூசித் தலை அளவான பொன்னிற அல்லது கபில உருண்டைகள் - உருளைக்கிழங்குச் சிறைப்பை வட்டப்புழு (குளோபோடேரா). இறந்த பெண்புழுவின் உடலே கடினமான பையாகி உள்ளே முட்டைகளைக் காக்கும். அதுவே சிறைப்பை. இது நுவரெலியாப் பகுதியிற் காணப்பட்டுள்ளது. முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிருடன் இருக்கும் என்பதால், உருளைக்கிழங்கு செய்யும் குடாநாட்டுக்கு விதைக்கிழங்கு வழியாக இது வந்து சேராமற் காப்பது முக்கியம். இத்தகைய பீடைகளின் பரவலைத் தடுப்பதற்கே 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது.

முடிச்சா? சிறுகணுவா?

பயிற்றை, உழுந்து, பயறு, நிலக்கடலை போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் றைசோபியம் பற்றீரியா வாழும் சிறுகணுக்கள் உண்டு. அவை பயிருக்கு நன்மை தருவன. சில நூல்களில் இவற்றையும் “வேர்முடிச்சு” என்றே எழுதியிருப்பதால் குழப்பம் ஏற்படுகிறது. விடை எழுதும்போது நன்மை தருவதைச் சிறுகணு எனவும், தீமை தருவதை முடிச்சு எனவும் பிரித்து எழுதுங்கள். வேறுபாடுகள்:

- சிறுகணு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தாற் கழன்றுவிடும். முடிச்சு வேரே வீங்கியதால் உண்டானது, கழலாது, இழுத்தால் வேர் அறும்.
- தொழிற்படும் சிறுகணுவை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். முடிச்சை வெட்டினால் வெண்மையாக இருக்கும். பெண்புழுக்கள் புள்ளிகளாகத் தெரியலாம்.
- சிறுகணு அவரையினத்திலேயே காணப்படும். முடிச்சு கத்தரி, தக்காளி, பாகல், வெண்டி, கரட் எனப் பல குடும்பப் பயிர்களிலும், அவரையினத்திலுங்கூடக் காணப்படும்.

பயிற்றை வேரில் இரண்டும் ஒன்றாக இருப்பதுமுண்டு. அப்போது தேய்த்துப் பார்க்கும் சோதனையே கைகொடுக்கும்.

முடிச்சின் அளவைக் குறித்தல்

“முடிச்சு அதிகம்” என எழுதுவது விஞ்ஞானம் ஆகாது. ஒரு கன்றின் வேரிலுள்ள முடிச்சுகளை எண்ணி 0 முதல் 5 வரையான சுட்டெண் கொடுப்பர். முடிச்சு இல்லையெனில் 0. 1-2 முடிச்சு எனில் 1. 3-10 எனில் 2. 11-30 எனில் 3. 31-100 எனில் 4. 100 இற்கு மேல் எனில் 5. இவ்வாறு எண்ணினால் இவ்வருடத் தோட்டத்தை அடுத்த வருடத் தோட்டத்துடன் ஒப்பிட முடியும்.

5. மண்மாதிரி எடுத்தல்

முடிச்சு உண்டாக்காத வட்டப்புழுக்களை அறியவும், நடுகைக்கு முன்னரே மண்ணைச் சோதிக்கவும் மண்மாதிரி தேவை.

- தோட்டத்தில் வளைந்து வளைந்து நடந்து 15-20 இடங்களில் மண் எடுக்க வேண்டும்.
- மேல்மண்ணைச் சற்று நீக்கி, வேர் உள்ள 15-20 செ.மீ. ஆழம் வரை எடுக்க வேண்டும்.
- செத்த கன்றின் அடியில் எடுப்பது பிழை. உணவு தீர்ந்த வேரை விட்டு வட்டப்புழு விலகியிருக்கும். பாதிப்புத் திட்டின் ஓரத்தில், வாடத் தொடங்கிய கன்றுகளின் அடியில் எடுப்பதே சரி.
- நன்கு வளர்ந்த பகுதியிலிருந்து வேறாக ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஒப்பிட்டாலே உண்மை தெரியும்.
- யாவற்றையும் வாளியிற் கலந்து அரைக் கிலோ அளவு மண்ணைப் பொலித்தீன் பையிலிட்டு, இடம், பயிர், திகதி எழுதி ஒட்ட வேண்டும்.
- பையை வெயிலில் வைக்கக் கூடாது. மண்ணை உலர விடக் கூடாது. இறந்த புழு வெளியே வராது. மண் பிழையாகச் “சுத்தமானது” எனத் தோன்றிவிடும்.

6. மண்ணிலிருந்து பிரித்தெடுத்தல்: பேர்மன் புனல்

இம்முறை முதலிற் பயிருக்காக உருவானதல்ல. யாவாத் தீவில் மண்ணிலுள்ள கொளுக்கிப்புழுக் குடம்பிகளைக் கண்டறியப் பேர்மன் என்னும் மருத்துவர் 1917 இல் விவரித்த முறை இது. பின்னர் விவசாய விஞ்ஞானிகள் இதனைப் பயன்படுத்தலாயினர்.

தேவையானவை: புனல், அதன் காம்பிற் பொருத்த றப்பர்க் குழாய், கவ்வி, கம்பிவலைத் துண்டு, மெல்லிய பருத்தித் துணி, தாங்கி, முகவை.

செய்முறை:
(1) புனலின் காம்பில் றப்பர்க் குழாயைப் பொருத்திக் கவ்வியால் மூடுக. புனலைத் தாங்கியில் நிறுத்துக.
(2) புனலின் உள்ளே கம்பிவலையை வைத்து அதன்மேல் துணியை விரிக்க.
(3) கல், வேர்த்துண்டு நீக்கிய ஈரமண்ணைத் துணியில் மெல்லிய படையாகப் பரப்புக.
(4) மண்ணின் அடிப்பகுதி நனையும் மட்டத்துக்குப் புனலில் நீர் நிரப்புக.
(5) 24 முதல் 48 மணித்தியாலம் அசையாது வைக்க. நீர் வற்றினால் ஓரத்தால் மெதுவாகச் சேர்க்க.
(6) கவ்வியைத் தளர்த்தி முதலில் வரும் 5-10 மி.லீ. நீரைச் சிறு கிண்ணத்திற் சேர்க்க.

தத்துவம்: உயிருள்ள வட்டப்புழு நீரில் நெளிந்து துணியின் துளைகளூடாக வெளியேறும். நீரில் மேல்நோக்கி நீந்தும் ஆற்றல் அதற்கு இல்லாமையால் புவியீர்ப்பினாற் கீழிறங்கிக் குழாயின் அடியிற் சேரும். மண்துணிக்கை துணியிலேயே தங்கும்.

குறைபாடு: அசையும் புழுக்களையே இம்முறை தரும். முட்டை, சிறைப்பை, வேருக்குள் தங்கிவிட்ட பெண்புழு என்பன கிடையா. ஆகவே மண்சோதனையும் வேர்ச்சோதனையும் ஒன்றுக்கொன்று துணை.

கருவிகள் இல்லாத பாடசாலைகளுக்கு: ஒரு சாடியில் சந்தேக மண்ணையும், மற்றொன்றில் அதே மண்ணை நன்கு அவித்து ஆறவைத்தும் நிரப்புக. இரண்டிலும் சுத்தமான தக்காளி நாற்று நட்டு, ஒரே அளவு நீரும் வெளிச்சமும் கிடைக்கச் செய்க. 4-6 வாரத்தின் பின் வேரைக் கழுவி முடிச்சுகளை எண்ணுக. அவித்த மண் கட்டுப்பாட்டுச் சோதனையாகும். நுணுக்குக்காட்டி தேவையில்லை, பொறுமை போதும்.

7. நுணுக்குக்காட்டியில் இனங்காணல்

சேகரித்த நீரில் ஒரு துளியை வழுக்கியில் இட்டு, மூடித்துண்டால் மூடி, முதலிற் தாழ்ந்த வலுவிலும் பின்னர் உயர்ந்த வலுவிலும் நோக்க வேண்டும். முதலிற் பார்க்க வேண்டியது தலைமுனை.

தாவர ஒட்டுண்ணிகளின் வாயில் உட்குழிவான ஊசி ஒன்று உண்டு. இதனைக் குத்தூசி என்போம். வைத்தியசாலையில் ஏற்றும் ஊசியைப் போன்றது. இதனை வேர்க்கலத்தினுட் குத்திச் சாறு உறிஞ்சும். வேர்முடிச்சு, வேர்க்காய, துளைக்கும் வட்டப்புழுக்களில் இவ்வூசியின் அடியில் மூன்று சிறு குமிழ்கள் தெளிவாகத் தெரியும். களத்தின் நடுவே வால்வு உள்ள உருண்டைக் குமிழ் ஒன்றும் காணப்படும்.

ஏனைய வகைகளின் தலைமுனை வருமாறு:

- பற்றீரியா உண்பவை: குத்தூசி இல்லை. வாய் திறந்த குழாய் போன்றது. பெரும்பாலும் துள்ளித் துள்ளி விரைவாக நெளியும்.
- கொன்றுண்ணிகள்: அகன்ற வாய், உள்ளே பல். பிற வட்டப்புழுக்களை உண்ணும். இவை தோட்டக்காரரின் நண்பர்கள்.
- பங்கசு உண்பவை: மெல்லிய குத்தூசி உண்டு; அடிக்குமிழ்கள் சிறியவை அல்லது இல்லை. களத்தின் நடுக்குமிழ் மிகப் பெரியது.
- அனைத்துமுண்ணிகள்: உடல் பெரியது. சரிவாக வெட்டிய பேனை முனை போன்ற ஈட்டி உண்டு, அடிக்குமிழ் இல்லை.

ஆகவே குத்தூசி இல்லையெனில் அது தாவர ஒட்டுண்ணி அல்ல என உறுதியாகக் கூறலாம். குத்தூசி உண்டு என்றவுடன் தாவர ஒட்டுண்ணி என முடிவு செய்ய முடியாது. குமிழ், களம், உடல் நீளம், வால்முனை என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனத்தையும் அறிய வேண்டுமா? ஆம். வேர்முடிச்சு வட்டப்புழுக்களில் உலகில் மிகப் பரவலானவை இன்கொக்னிற்றா, யவானிக்கா, அரெனாரியா, கப்லா என்னும் நான்கு இனங்கள். இவை உண்டாக்கும் முடிச்சுகளை வெறுங்கண்ணாற் பிரித்தறிவது கடினம். பெண்புழுவின் பின்முனைத் தோலில் விரல்ரேகை போன்ற வரிகள் உண்டு. இன்கொக்னிற்றாவில் இவ்வரிகளின் மேல்வளைவு உயர்ந்து சதுரச் சாயலுடன் இருக்கும். யவானிக்காவில் இரு பக்கமும் வரிகளை அறுத்துச் செல்லும் தெளிவான பக்கக்கோடுகள் இருக்கும். இன்று ஆய்வுகூடங்களில் டீ.என்.ஏ. சோதனையும் செய்யப்படுகிறது.

இதனால் தோட்டத்துக்கு என்ன பயன்? இன்கொக்னிற்றா மிளகாயைத் தாக்கும். யவானிக்கா பொதுவாக மிளகாயைத் தாக்குவதில்லை. நிலக்கடலையை இவ்விரண்டும் பொதுவாகத் தாக்குவதில்லை. அரெனாரியாவின் ஒரு வகையும் கப்லாவும் தாக்கும். அடுத்த போகத்துக்கு எதை நடுவது என்ற கேள்விக்குப் புழுவின் பெயரிலேயே விடை இருக்கிறது.

8. வேர்முடிச்சு வட்டப்புழுவின் வாழ்க்கை வட்டம்

முட்டை → முதலாம் பருவக் குடம்பி (முட்டைக்குள்ளேயே தோல் கழற்றும்) → இரண்டாம் பருவக் குடம்பி → மூன்றாம், நான்காம் பருவங்கள் (வேருக்குள்) → நிறையுடலி.

வேரைத் தாக்கும் நிலை இரண்டாம் பருவக் குடம்பியாகும். நீளம் ஏறத்தாழ 0.4 மி.மீ. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் உட்புகுந்து, ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள சில கலங்களை இராட்சதக் கலங்களாக மாற்றும். அவையே அதன் உணவுக் களஞ்சியம். சூழவுள்ள இழையம் வீங்குவதால் முடிச்சு உண்டாகிறது. பெண்புழு பருத்து அசையாது தங்கி, பசைத்திரளில் 300-500 முட்டைகள் இடும். 27 பாகை செல்சியசு அளவில் ஒரு வட்டம் நிறைவுற ஏறத்தாழ ஒரு மாதம் போதும். நான்கு மாதம் நிற்கும் கத்தரியில் எத்தனை தலைமுறை உண்டாகும் எனக் கணக்கிட்டுப் பாருங்கள்.

புழு துளைத்த வழியால் மண்ணிலுள்ள பங்கசும் பற்றீரியாவும் உட்புகும். வட்டப்புழு உள்ள மண்ணிற் பருத்திப் பயிரின் வாடல் நோய் கடுமையாவதை அமெரிக்காவில் அற்கின்சன் 1892 இலேயே எடுத்துக்காட்டினார்.

9. இனங்கண்ட பின் செய்ய வேண்டியவை

மண்ணுக்கு நாசினி இடுவது பற்றி முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. டீ.பி.சீ.பி. என்னும் வட்டப்புழு நாசினி ஒருகாலத்தில் உலகெங்கும் விற்கப்பட்டது. அதனைத் தயாரித்த தொழிலாளரான ஆண்களிடம் மலட்டுத்தன்மை காணப்பட்டமை 1977 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பின்னர் கலிபோர்னியாவின் நிலத்தடி நீரிலும் அது கண்டறியப்பட்டது. மண்ணைப் புகையூட்டப் பயன்பட்ட மெதைல் புரோமைட்டு ஓசோன் படையைச் சிதைப்பதால், 1987 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் வழி, வளர்முக நாடுகளில் விவசாய மண்ணுக்கு இடுவது 2015 உடன் கைவிடப்பட்டது.

குடாநாட்டுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. இங்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறையில் தேங்கிய மழைநீரையே. பாறையில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மேலே ஊற்றியது கீழே செல்ல அதிக காலம் எடுக்காது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பது நாம் அறிந்ததே. தோட்டத்துக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே நீரையே பகிர்கின்றன. எனவே இனங்காணாமல் மண்ணில் எதையும் ஊற்றலாகாது.

ஒருங்கிணைந்த முகாமைத்துவ முறைகள்:

(அ) பயிர்ச் சுழற்சி: சொலனேசியே பயிருக்குப் பின் அதே குடும்பத்துப் பயிர் நடாமை. தாழ்நிலங்களில் காலபோக நெல் செய்து நீர் தேங்க விடுவதும் காய்கறிகளைத் தாக்கும் வேர்முடிச்சு வட்டப்புழுவைக் குறைக்கும். ஆனால் நெல்லையே தாக்கும் கிராமினிக்கோலா என்னும் இனம் நீர் தேங்கினாலும் தப்பிவிடும். அது நெல்வேர் நுனியைக் கொளுக்கி போல வளைக்கும்.

(ஆ) சணல்: நெல் வெட்டியபின் சணல் விதைத்து, மஞ்சளாய்ப் பூத்ததும் மடக்கி உழுவது யாழ்ப்பாணத்து வழக்கம். பசுந்தாட் பசளையாகவே இதனை எமது தோட்டக்காரர் அறிவர். சணலின் வேருக்குட் புகும் வேர்முடிச்சு வட்டப்புழு வளர்ச்சி முற்றாது, முட்டையிடாது. ஆகவே இது பசளையும் ஆகும், பொறியும் ஆகும். துலுக்கச் செவ்வந்தியும் சில இனங்களுக்கு இவ்வாறு பயன்படும்.

(இ) சுத்தமான நாற்று: நாற்றுமேடை மண்ணை நனைத்து, தெளிவான பொலித்தீனால் இறுக மூடி, வெயில் கடுமையான மாதங்களில் 4-6 வாரம் விடுதல். நாற்று வாங்கும்போது வேரைப் பார்த்து வாங்குதல்.

(ஈ) அறுவடை முடிந்ததும் வேரோடு கிளப்பி அகற்றுதல். தண்டை மட்டும் வெட்டி வேரை மண்ணில் விட்டால் முட்டைத்திரள் அங்கேயே தங்கும். களைகளும் விருந்துவழங்கிகளே என்பதை மறவாதீர்.

(உ) கோடையில் உழுது மண்ணைக் காயவிடுதல். கூட்டெரு, வேப்பம் பிண்ணாக்கு இடுதல்.

(ஊ) எதிர்ப்பு வர்க்கங்கள்: தக்காளியில் எம்.ஐ. என்னும் எதிர்ப்பு மரபணு உண்டு. ஆனால் மண் வெப்பநிலை 28 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் எதிர்ப்பு தளரும். குடாநாட்டு வெயிலில் அதனை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உறுதியாக இனங்காண முடியாதபோது வேரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு அப்பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடலாம். திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் உள்ளன.

10. மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

வினா 1: பயிற்றைச் செடி ஒன்றின் வேரில் உருண்டையான அமைப்புகள் காணப்பட்டன. இவை சிறுகணுக்களா முடிச்சுகளா என அறிய இரு சோதனைகள் தருக.
விடை: விரலால் தேய்த்தல் - கழன்றால் சிறுகணு, கழலாவிடின் முடிச்சு. வெட்டிப் பார்த்தல் - இளஞ்சிவப்பு எனில் சிறுகணு, வெண்மையாகப் பெண்புழுக்களுடன் எனில் முடிச்சு.

வினா 2: பேர்மன் புனலிற் சிறைப்பைகள் கிடைக்காமைக்குக் காரணம் யாது?
விடை: இம்முறை புழுவின் அசைவிலும் புவியீர்ப்பிலும் தங்கியுள்ளது. சிறைப்பை அசையாது, ஆகவே துணியைக் கடந்து வராது.

வினா 3: மண்மாதிரியில் பல வட்டப்புழுக்கள் காணப்பட்டன, எதிலும் குத்தூசி இல்லை. தோட்டக்காரருக்கு நீர் கூறும் ஆலோசனை யாது?
விடை: காணப்பட்டவை தாவர ஒட்டுண்ணிகள் அல்ல. இவற்றுக்காக நாசினி இட வேண்டாம். பயிர் குன்றியமைக்கு வேறு காரணம் தேடுக. அசையாத ஒட்டுண்ணி உண்டா என அறிய வேரையும் சோதிக்க.

வினா 4: கத்தரியில் வேர்முடிச்சு கண்ட தோட்டத்தில் அடுத்து தக்காளி நடுவது ஏன் பொருந்தாது? பொருத்தமான ஒரு மாற்றைக் காரணத்துடன் தருக.
விடை: இரண்டும் சொலனேசியே குடும்பத்தவை, ஒரே புழுவுக்கு விருந்துவழங்கிகள். சணல் விதைத்து மடக்கி உழலாம். புழு அதன் வேரில் முட்டையிடும் நிலையை அடையாது.

வினா 5: வலிகாமத்தில் மண்ணுக்கு நாசினி இடுவதில் விசேட கவனம் தேவைப்படுவது ஏன்?
விடை: நீர்வடியும் செம்மண்ணும் வெடிப்புள்ள சுண்ணக்கல்லும் நாசினியை நிலத்தடி நீருக்கு விரைவாகக் கொண்டு செல்லும். அந்நீரே குடிநீருமாகும்.

பயிற்சி: வீட்டுத் தோட்டத்தில் வாடிய கன்று ஒன்றையும் நன்கு வளர்ந்த கன்று ஒன்றையும் கிளப்பி வேர்களைக் கழுவி அருகருகே வைத்து வரைக. முடிச்சுச் சுட்டெண்ணையும் எழுதுக. படம் பார்த்துப் படித்த விடயம் பரீட்சை மண்டபத்தில் மறந்து போகலாம். கையாற் கழுவிப் பார்த்த வேர் மறவாது.